ஆள் உயிரோடு இருக்கிறாரா?

நண்பர்களே, இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ படிக்கும் பேரன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். "தாத்தா, இது நிஜமாவே ஆளைக் கொன்னு எடுத்த படமாம். ஐம்பது நாட்டுல தடையாம்." பார்த்தால், 1980இல் வந்த 'கானிபல் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தின் ஒரு துண்டு. ஒரு பெண் கம்பத்தில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கிறாள். கம்பத்தின் முனை வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது.

"அந்தப் பொண்ணு சாகலடா" என்றேன். அவன் நம்பவில்லை. 34 வருடம் அறிவியல் நடத்தியவன் நான். "நம்பாதது நல்லதுதான், காரணத்தைக் கேள்" என்று உட்காரவைத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

விற்பதற்காகவே ஓர் ஆளை உண்மையில் கொன்று எடுக்கும் படத்துக்கு 'ஸ்னஃப்' படம் என்று பெயர். இங்கே மூக்குப்பொடி என்று பொருள் இல்லை. மெழுகுவத்தியை அணைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல். 1970களிலிருந்து இந்தப் பேச்சு உலவுகிறது. ஆனால் தியேட்டருக்கோ வீடியோ கடைக்கோ வந்த எந்தக் கதைப்படமும் அப்படி எடுத்தது என்று நிரூபணம் ஆனதில்லை.

பயத்தைக் காசாக்கியவர்கள் உண்டு. அர்ஜென்டினாவில் எடுத்து விலைபோகாமல் கிடந்த ஒரு படத்தை ஆலன் ஷாக்கிள்டன் என்ற அமெரிக்க விநியோகஸ்தர் எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு கொலைக் காட்சியைப் புதிதாக ஒட்டி, 1976இல் 'ஸ்னஃப்' என்றே பெயர் வைத்து வெளியிட்டார். நிஜக் கொலை என்று தோன்றும்படி விளம்பரம். பெண்கள் அமைப்புகள் தியேட்டர் முன்னால் மறியல் செய்தன. அதுவே படத்துக்கு விளம்பரமும் ஆனது. நியூயார்க் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கன்தாவ் விசாரிக்கச் சொன்னார். 'கொலையான' நடிகையையே தேடிப் பிடித்தார்கள். அத்தனையும் ஏமாற்று என்று அறிவித்தார்.

பேரன் காட்டிய படத்துக்கும் இதே கதிதான். மிலன் நகரில் வெளியான சில நாட்களில் படத்தைப் பறிமுதல் செய்தார்கள். இயக்குநர் ருக்கேரோ தியோதாத்தோ மீது கொலைச் சந்தேகமே விழுந்தது. படம் நிஜம் போலத் தோன்ற வேண்டும் என்று, ஒரு வருடம் வெளியில் தலைகாட்டக் கூடாது என நடிகர்களிடம் ஒப்பந்தம் போட்டிருந்தாராம். கடைசியில் அவர்களையே கொண்டுவந்து நிறுத்தித் தப்பினார். கம்பத்துக் காட்சியையும் விளக்கினார்: இரும்புக் கம்பத்தின் மேல் சைக்கிள் சீட், அதில் பெண் உட்கார்ந்திருக்கிறாள், வாயில் ஒரு லேசான மரத்துண்டு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படத்தில் ஆமை, குரங்கு, பன்றி ஆகியவை உண்மையிலேயே கொல்லப்பட்டன. அது நடிப்பு இல்லை.

என் கருத்து இதுதான்: ஒரு காட்சி நிஜம் போலத் தெரிகிறது என்பதற்காகக் கத்தரி வைப்பது வீண். அதை எடுக்கும்போது ஏதாவது உயிருக்குக் கேடு நடந்ததா என்பதே கேள்வி. பிரிட்டனில் 1980களில் வீடியோ கேசட் பீதி கிளம்பியபோது, அரசுத் தரப்பு 72 படங்களைப் பட்டியல் போட்டது. இந்த இரண்டு படங்களும் அதில் இருந்தன. 'ஈவில் டெட்' படமும் இருந்தது. கடைக்காரர்கள் மீது வழக்கு, 1984இல் புதுச் சட்டம். பின்னால் 2011இல் அதே நாட்டுத் தணிக்கை வாரியம் 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படத்தில் வெட்டியது சுமார் 15 விநாடி மட்டும்: ஒரு சிறு விலங்கைக் கொல்லும் இடம். இத்தனை வருடம் கழித்துச் சரியான இடத்துக்கு வந்தார்கள்.

"அப்போ பிள்ளைகளுக்குக் காட்டலாமா சார்?" என்று கேட்பீர்கள். கூடாது. வயது வரம்பு கட்டாயம் வேண்டும். அது வேறு, பெரியவர்களுக்கும் சேர்த்துத் தடை போடுவது வேறு.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வருபவர்கள் ஒரு பையனைத் தூக்கிச் செல்வார்கள். முடிவில் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் விட்டார்கள். 2018இல் அது நம் நாட்டில் நிஜக் கடத்தலாகச் சுற்றியது. அந்த வருடம் பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியும் அப்படித்தான் போனார்.

ஷாக்கிள்டன் ஒரு முடிவை ஒட்டினார். இங்கே ஒரு முடிவை வெட்டினார்கள். அங்கே ஆளைத் தேடிப் பார்க்க ஒருவர் இருந்தார். இங்கே கூட்டத்தில் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. இதற்கு எந்தத் தணிக்கை வாரியமும் உதவாது. கையில் போன் வைத்திருக்கும் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

பேரனிடம் கேட்டேன், "இதை எத்தனை பேருக்கு அனுப்பின?"

"ஒரே ஒரு குரூப்புக்குத்தான் தாத்தா."

"அதே குரூப்புல சைக்கிள் சீட்டு கதையையும் போடு" என்றேன். போட்டான்.

உங்கள் பேரப்பிள்ளைகளிடமும் பேசிப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள்.