தோளில் தடிப்பா? கருவாட்டைத் திட்டாதீங்க, பேக்கைப் பாருங்க!

காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது தோளில் கனமான லேப்டாப் பேக். சாயங்காலம் வீடு திரும்பினால் ஸ்ட்ராப் அழுத்திய இடத்தில் வலியோடு தடிப்பு. சிலருக்கு மார்கழிக் குளிரில் பைக் ஓட்டினால் முகமெல்லாம் அரிப்பு. சிலருக்கு ஜிம்மில் வியர்த்ததும் பொடிப்பொடியாகத் தடிப்பு. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பெயர், காணாக்கடி. உடனே விசாரணை ஆரம்பம்: "கத்தரிக்கா சாப்டீங்களா? கருவாடு?"

பல நேரம் இந்த விசாரணையே தப்பான ஆளிடம் நடக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைப் பொட்டலம் கட்டி வைத்திருப்பவை. சிலருக்கு அழுத்தம், உரசல், குளிர், வெயில், உடல்சூடு என ஏதோ ஒன்று பட்டாலே பொட்டலம் பிரிந்துவிடும். ஹிஸ்டமின் ரத்தக்குழாயை விரிப்பதால் தோல் சிவக்கிறது, நீர் கசிவதால் தடிக்கிறது, நரம்பைத் தூண்டுவதால் அரிக்கிறது. புரோஸ்டாகிளாண்டின், லுகோட்ரீன் போன்றவையும் கூட்டுச் சேரும்.

அழுத்தத்தால் வரும் தடிப்பு பெரும்பாலும் நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தே எழும்பும். அதனால்தான் காலையில் மாட்டிய பேக் தப்பித்துவிடுகிறது. மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு மாட்டிக்கொள்கிறது!

மெடிக்கல் ஷாப் 'செட்' மாத்திரை வேண்டாம்

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சீட்டு இல்லாமல் அதை விற்பதே சட்டப்படி தப்பு. அடிக்கடி எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பலவீனமாகும். பழைய வகை அலர்ஜி மாத்திரைகளோ தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

டாக்டர்கள் முதலில் தருவது தூக்கம் குறைவாக வரவைக்கும் பிலாஸ்டின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை. ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை இவை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அதனால் அரிக்கும்போது மட்டும் போடுவதைவிட தினமும் எடுப்பதே பலன் தரும். கேட்கவில்லை என்றால் டாக்டரே நாலு மடங்கு வரை அளவைக் கூட்டலாம். அடுத்து ஒமாலிஸுமாப் ஊசி இருக்கிறது.

குளிரால் தடிப்பவர்கள் அருவி, நீச்சல்குளத்தில் திடீரென இறங்கக் கூடாது. உடல் முழுக்க ஹிஸ்டமின் பரவி மயக்கம் வரலாம். மூச்சுத் திணறினாலோ, தொண்டை வீங்கினாலோ 108தான்.

கத்தரிக்காயை ஒதுக்கும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எங்கே தடித்தது, அதற்கு முன் அங்கே என்ன பட்டது? அந்தக் குறிப்போடு தோல் டாக்டரைப் பாருங்கள். பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.