ஜஸ்டிஸ் கக்ஷி செய்ததும் செய்யாததும்

தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்கின்ற ஜஸ்டிஸ் கக்ஷியைப் பற்றி நமது நாட்டில் இரண்டு விதமான பேச்சுகள் நடந்து வருகின்றன. அது ஜமீன்தார்களும் மிட்டாதார்களும் வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்க ஏற்படுத்திக்கொண்ட கூட்டம் என்பது ஒரு சாரார் பேச்சு. அதைப்போல் உத்தமமான கக்ஷி உலகத்திலேயே இருந்ததில்லை என்பது மற்றொரு சாரார் பேச்சு. முதலாவது துவேஷம், இரண்டாவது பக்தி. கடவுளிடத்திலேயே பக்தி கூடாதென்று சொல்லுகின்ற நாம் ஒரு கக்ஷியினிடத்தில் பக்தி வைப்பது யோக்கியமாகுமா? ஆகவே கடைக்காரன் பேரேட்டைப் புரட்டுவதுபோல் வரவு இன்னது, பற்று இன்னது என்று பார்த்துவிடுவதே நலமென்று கருதுகின்றோம்.

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. அக்கக்ஷியின் வரவை அவ்வூர்க் கோயிலிலும், பற்றைச் செங்கம் ரோட்டிலுள்ள ரமணாசிரமத்தின் பழைய பந்தியிலும் கண்ணாலே காணலாம். அது எப்படியென்று சொல்லுகின்றோம்.

1916-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதி சென்னையில் கூடித் தொடங்கப்பட்டதே மேற்படி சங்கம். டாக்டர் டி. எம். நாயர் மலையாளி, சர் பிட்டி தியாகராய செட்டியார் தெலுங்கு பேசும் குடும்பத்தார், டாக்டர் நடேச முதலியார் தமிழர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் ஜனங்கள் எல்லோரும் ஒரே மாகாணத்தில் கட்டிப்போடப்பட்டிருந்த காலம் அது. அவ்வருஷக் கடைசியில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரமென்ன? மாகாணத்து ஜனங்கள் 4 கோடியே 15 லட்சத்தில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் பார்ப்பனரல்லாதார். அப்படியிருக்க உத்தியோகமும் கல்வியும் ஒரு சிறு கூட்டத்தாரிடம் குவிந்திருப்பது நியாயமா என்பதே. இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் சொன்னவர்கள் யாருமில்லை. வகுப்புத் துவேஷம் என்று வைததுதான் பதில்.

இனி வரவைப் பார்ப்போம். 1920-ம் வருஷத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 98 ஸ்தானங்களில் 63-ஐ இக்கக்ஷி பெற்றது. காங்கிரஸ் அத்தேர்தலை பகிஷ்கரித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். 1921-ல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அதே வருஷத்தில் உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் இடமிருக்க வேண்டுமென்கின்ற வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. 1922-ல் பறையர், பஞ்சமர் என்கின்ற இழிசொற்கள் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து எடுபட்டு ஆதிதிராவிடர் என்கின்ற பெயர் வந்தது. பிறகு பனகால் அரசர் மந்திரியாயிருக்கையில், எத்தனையோ எதிர்ப்புக்கிடையே இந்து மத பரிபாலனச் சட்டம் 1925-ல் அமுலுக்கு வந்தது.

திருவண்ணாமலைத் தோழர்கள் இந்தச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து அண்ணாமலையார் உண்டியலில் கொட்டுகின்ற பணம் எங்கே போகின்றது என்று கேட்க இன்று ஒரு வழி இருக்கின்றது. கோயில் சொத்து பொதுச்சொத்து, அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்கின்ற கொள்கையை மாகாணம் முழுமைக்கும் சட்டமாக்கி, அதற்கென்று ஒரு போர்டையும் ஏற்படுத்தியது அந்த 1925-ம் வருஷத்துச் சட்டம்தான். அதுவே 1951-லும் 1959-லும் புதுச் சட்டமாகித் தமிழ்நாட்டின் அறநிலையத்துறையாக வளர்ந்திருக்கின்றது. கோயிலே வேண்டாமென்கின்ற நமக்கும் இதில் அக்கறையுண்டு. ஏழை போட்ட காசு அல்லவா அது?

ஆனால் பற்று என்ன? ரமணாசிரமம் ஏற்பட்டதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ரமணருடைய தாயார் 1922-ல் காலமான பிறகு அவரது சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. எல்லாம் ஒரே ஆத்மா என்பது அங்கே வந்தவர்கள் கேட்ட உபதேசம். சாப்பாட்டுக் கூடத்திலோ பார்ப்பனர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கமென்று பந்தி பிரிந்திருந்தது. இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. அங்கே வாழ்ந்த அன்பர்களே தங்கள் நினைவுகளில் சொல்லியிருக்கின்றார்கள். ஆத்மாவுக்கு ஜாதியில்லை, இலைக்கு மட்டும் ஜாதி உண்டு போலும்! சேரன்மாதேவி குருகுலத்தில் 1924, 25-ல் கிளம்பிய சண்டையும் இதே பந்தியைப் பற்றியதுதான்.

மந்திரிசபையில் உட்கார்ந்திருந்த ஜஸ்டிஸ் கக்ஷி இந்தப் பந்தியை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. தாசில்தார் நாற்காலியில் இடம் கேட்டவர்கள் பக்கத்து இலையில் இடம் கேட்கவில்லை. அதற்குக் கீழே இறங்கி, தங்கள் இலைக்குப் பக்கத்தில் ஆதிதிராவிடருக்கு இடம் கொடுத்தார்களா என்றால் அதுவுமில்லை. 1921-ல் சென்னை பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது கக்ஷித் தலைவர்கள் சிலர் ஆதிதிராவிடர்மீது பழி சுமத்தினார்கள். அதனால் மனம் கசந்த எம். சி. ராஜா 1923-ல் கக்ஷியைவிட்டே வெளியேறினார்.

நான்கு பாஷைக்காரர்களைச் சேர்த்துப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் மந்திரிசபையில் தமிழருக்கு இடமில்லையென்ற குறை எழுந்தது. 1923-ல் சி. ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 65-க்கு 44 என்ற ஓட்டில்தான் தோற்கடிக்க முடிந்தது. கக்ஷிக்குத் தமிழில் "திராவிடன்" பத்திரிகை இருந்தது; தெலுங்கில் "ஆந்திரப் பிரகாசிகா" இருந்தது. இருந்தும் ஜனங்கள் வாயில் நின்ற பெயர் அதன் இங்கிலீஷ் பத்திரிகையின் பெயரே! நூற்றுக்கு மூன்று பேருக்கே ஓட்டிருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டு விரிந்த 1937-ல் காங்கிரஸ் 215 ஸ்தானங்களில் 159-ஐ அடித்துக்கொண்டு போயிற்று. பொப்பிலி அரசரே வி. வி. கிரியிடம் தோற்றார். குடியானவன் வீட்டுத் திண்ணையில் உட்காராத கக்ஷிக்குக் குடியானவன் ஏன் ஓட்டுப் போடுவான்?

வகுப்புவாரி உத்தரவின் கதையும் இதையே காட்டுகின்றது. அதைப் பிறப்பித்தவர்கள் ஜஸ்டிஸ் கக்ஷியார். காரியத்தில் நடக்கும்படி செய்தவர் சுப்பராயன் மந்திரிசபையிலிருந்த எஸ். முத்தையா முதலியார். 1951-ல் சுப்ரீம் கோர்ட் அவ்வுத்தரவு செல்லாதென்றபோது, அதைக் காப்பாற்ற ஜஸ்டிஸ் கக்ஷி அதிகாரத்தில் இல்லை. 1944-ல் சேலத்திலேயே அது திராவிடர் கழகமாக மாறிவிட்டது. ஆனாலும் தெருவில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவ்வருஷமே இந்திய அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. மந்திரி கையெழுத்தால் வந்த உரிமை, அது தன்னுடையதென்று ஜனங்கள் உணர்ந்த பிறகுதான் நிலைத்தது.

ஆகவே தோழர்களே! ஜஸ்டிஸ் கக்ஷிக்கு நாம் பட்ட கடனை அவர்கள் படத்துக்கு மாலை போட்டுத் தீர்க்க முடியாது. அவர்கள் செய்த சட்டத்தைப் படித்து, உங்கள் ஊர்க் கோயிலின் கணக்கைத் தைரியமாகக் கேளுங்கள். அவர்கள் தொடாமல் விட்ட பந்தியை, ஆசிரமத்தில் தேடுவதற்கு முன்பாக, உங்கள் வீட்டுக் கலியாணத்தில் தேடுங்கள். சேரித் தோழருக்கு அங்கே எந்த இடத்தில் இலை விழுகின்றதென்று பாருங்கள். அந்த இலை உங்கள் இலைக்குப் பக்கத்தில் விழாதவரை கணக்கில் பற்று நின்றுகொண்டேதான் இருக்கும்.