2029ஐ விளையாடிப் பார்ப்போம்

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் தெரிவான ஜனாதிபதியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். இடையில் அரசியலமைப்பு மாறாவிட்டால் 2029இல் நாம் மீண்டும் வாக்குச் சாவடிக்குப் போவோம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறதே, இப்போது ஏன் அந்தக் கதை என்று சிலர் கேட்கக்கூடும். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர் எமது நலன்புரி நிலையங்களுக்கும் மீள்குடியேற்றக் கிராமங்களுக்கும் வருகிறவர்கள் பேசுவதற்கே வருகிறார்கள், கேட்பதற்கு வருவதில்லை. ஒலிபெருக்கி முழங்கும்போது எவராலும் ஆறுதலாக யோசிக்க முடியாது. காலம் இருக்கும்போதே யோசித்தாக வேண்டும்.

ஆகவே, சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் வரப்போகும் ஜனாதிபதித் தேர்தலை ஒரு விளையாட்டாக நடத்திப் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. பெரிய செலவு இல்லை. பழைய பிஸ்கற் தகரம் ஒன்று, பயிற்சிக் கொப்பியின் தாள்கள், ஒரு மாலைப்பொழுது, நாற்பது பேர். பிள்ளைகளிடம் அரசியல் பேசினால் வீண் வம்பு வரும் என்று அஞ்சும் பெரியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது எமக்கும் தெரியும். ஆனால் பதினெட்டு வயதான பிள்ளைக்கு வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரியாமலிருப்பது அதைவிடப் பெரிய வம்பு.

கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இவ்வகைத் தேர்தல் விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் விளையாடுகிறவரே தலைவர். அவர் கட்சியை நடத்துவார், பணம் சேர்ப்பார், வரைபடத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பிடிப்பார். எமக்கு அது பொருந்தாது. எம்மில் எவரும் ஜனாதிபதியாகப் போவதில்லை (ஆனால் மகிழ்ச்சியே). எமது விளையாட்டில் நாற்பது பேரில் மூவர் மட்டும் வேட்பாளர்கள், அவர்களும் சீட்டுக் குலுக்கியே தெரிவாக வேண்டும். உண்மையான கட்சிகளின் பெயரையும் தலைவர்களின் பெயரையும் உள்ளே விடாதீர்கள். விட்டால் பத்து நிமிடத்தில் பழைய சண்டை தொடங்கிவிடும். சுளகு, அகப்பை, உலக்கை என்று மூன்று சின்னங்கள் போதும். எஞ்சியோருள் ஒருவர் கிராம அலுவலர், ஒருவர் தெரிவத்தாட்சி அலுவலர், ஒருவர் வெங்காயம் வாங்கும் மொத்த வியாபாரி, ஒருவர் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லிப் பேசுபவர். மற்றவர்கள் குடும்பங்கள்.

குடும்பங்களுக்குக் கொடுக்கும் சீட்டுகளில்தான் எமது கவனம் முழுவதும் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் மன்னாரில் பதிவு, வாழ்வது புத்தளத்தில். ஒரு குடும்பத்தின் காணி வலிகாமம் வடக்கில் வேலிக்கு உள்ளே, வாடகை வீடு வேறொரு பிரதேச செயலகப் பிரிவில். ஒரு தாயின் பெயர் இரண்டு இடத்து இடாப்பிலும் இல்லை. ஒரு மகனுக்குச் சென்ற மாதம்தான் பதினெட்டு வயது. இந்தச் சீட்டுகளைப் படித்ததும் விளையாடுவோர் சிரிக்கமாட்டார்கள். தங்கள் வீட்டுக் கதை என்று உடனே கண்டுகொள்வார்கள்.

முதற் சுற்று வாக்களிப்பு அல்ல, வாக்காளர் இடாப்பு. கிராம அலுவலராக நடிப்பவர் மேசையில் இருப்பார். ஒவ்வொரு குடும்பமும் அவரிடம் போய்த் தன் பெயரைத் தேட வேண்டும். சொந்த ஊரில் பதிவதா, இருக்குமிடத்தில் பதிவதா என்று வீட்டுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். இரண்டிலும் நட்டம் உண்டு. இருக்குமிடத்தில் பதிந்தால் பள்ளிக்கூட அனுமதியும் நிவாரணமும் இலகுவாகும், ஆனால் ஊருடனான கடைசி எழுத்துத் தொடர்பும் அறுந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். ஊரில் பதிந்தால் தேர்தல் நாளில் நெடுந்தூரம் போக வேண்டும். வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தம் சொந்த இடத்து முகவரியிலேயே பதிவுபெற 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஆனால் சட்டம் திறந்த வழியிலும் பஸ் ஏறித்தான் போக வேண்டும். 2019 நவம்பர் 16ஆம் திகதி, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட இடம்பெயர்ந்த முஸ்லிம் மக்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 1990இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் அது. இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னரும் வாக்களிக்க ஊருக்குத்தான் போனார்கள்.

இடாப்பு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015இல் அது ஏழாயிற்று. 2024இல் ஆறு. போனவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு இடாப்பு திருத்தப்பட்டதன் விளைவு இது. வெளிநாடு போனவரின் பெயர் நீங்குவது சரிதான். பத்து மைல் தூரத்தில் வாடகை வீட்டில் இருப்பவரின் பெயரும் அதோடு சேர்ந்து போயிருந்தால், அதைக் கேட்பதற்கு அவரைத் தவிர வேறு ஆளில்லை.

இரண்டாம் சுற்று வாக்களிப்பும் எண்ணுதலும். இங்கே பெரியவர்களும் கொஞ்சம் நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே ஒரே விதிதான். செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர ஏனையோர் விலக்கப்படுவர். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளை மீண்டும் எடுத்து, அவற்றில் அந்த இருவரில் ஒருவருக்கு இரண்டாம் விருப்பு இடப்பட்டிருந்தால் அவருடைய கணக்கில் சேர்ப்பர். அதுவும் வேறொருவருக்கு இடப்பட்டிருந்தால் மூன்றாம் விருப்பைப் பார்ப்பர். எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவை வரவில்லை. 2024இல்தான் முதன்முதலாக வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதமும் சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதமும் கிடைத்திருந்தன.

அப்போது ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். இரண்டாம், மூன்றாம் விருப்புகளால் முதல் இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 273,131 மாத்திரமே: திசாநாயக்கவுக்கு 105,264, பிரேமதாசவுக்கு 167,867. அதாவது நூறு பேரில் எட்டுப் பேரளவிலேயே இறுதிக் கணக்கில் கலந்துகொண்டார்கள். எஞ்சியோருட் சிலர் தெரிந்தே விட்டிருப்பர், அது அவர்கள் உரிமை. பலருக்கு அப்படியொரு வாய்ப்பு இருப்பதே தெரிந்திராது என்று நாம் எண்ணுகிறோம். எனவே தகரத்துக்குள் சீட்டுப் போடும்போது 1, 2, 3 என்று இலக்கமிடப் பழக்குங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்து இடாதிருக்கவும் பழக்குங்கள். 2024இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல்.

முடிவு வந்ததும் அதே நாற்பது பேரை வைத்து இன்னும் இரு தடவை தேர்தல் நடத்துங்கள். ஒரு தடவை எல்லாக் குடும்பங்களும் புறக்கணிக்கட்டும். இன்னொரு தடவை தமக்கென ஒரு வேட்பாளரை நிறுத்தி, இரண்டாம் விருப்பை எவருக்கு இடுவது என்று கூட்டம் கூடிப் பேசட்டும். இதில் எது சரி என்று இப்பக்கத்தில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நடந்தவற்றை மட்டும் எடுத்துக்காட்டாகத் தருகிறோம்.

2005இல் விடுதலைப் புலிகள் அறிவித்த புறக்கணிப்பின்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் இடாப்பிலிருந்த ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரில் வாக்களித்தோர் 1.21 வீதம். நாடு முழுவதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இருந்த இடைவெளி 180,786 வாக்குகள். வாக்களித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய எம்மால் இயலாது. ஆனால் வாக்களியாமையும் எண்ணப்படுகிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. 2024இல் தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். அவ்வாக்குகள் ஒரு செய்தியைச் சொல்லின. அந்தச் செய்தியைச் சொன்ன பின்னரும் அதே சீட்டில் இரண்டாம் விருப்பை இட இடமிருந்தது. அதைப் பேரம் பேசும் பொருளாக்குவதா, கூடாதா என்பதுதான் விளையாட்டில் மிகச் சூடாகப் பேசப்படும் என்று எதிர்பார்க்கிறோம்.

1982ஐயும் மறக்கக்கூடாது, கமக்காரருக்கு அது உவப்பான கதை. அத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் குமார் பொன்னம்பலம். இரண்டாமிடம் ஜே. ஆர். ஜயவர்தனவுக்குக் கிடைக்கவில்லை. ஹெக்டர் கொப்பேகடுவவுக்குக் கிடைத்தது, ஏறக்குறைய 35 வீதம். அவர் 1970 முதல் 1977 வரை விவசாய, காணி அமைச்சராக இருந்தவர். அக்காலத்தில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வரத் தடை இருந்தது; எமது தோட்டக்காரர் நல்ல விலை கண்டார்கள். 1977க்குப் பின் இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. வாக்குச் சீட்டைக் கையில் எடுத்த தோட்டக்காரன் மிளகாய்ச் சாக்கின் விலையையும் நினைத்திருக்கிறான். இதைச் சிறுமை என்று எழுதியவர்கள் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. மொத்த வியாபாரியாக நடிப்பவர் இந்தக் கதையைச் சபையில் சொல்லட்டும்.

வேட்பாளர் மூவரும் பேசுவதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பேச்சில் வரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் ஒருவர் கொப்பியில் எழுத வேண்டும். ஏனென்றால் மூன்றாம் சுற்று வாக்கெண்ணிய பின்னரே தொடங்குகிறது. வென்றவர் கதிரையில் அமர, குடும்பங்கள் ஒவ்வொன்றாக மனுவுடன் வரும். இவருடைய ஒரு கையெழுத்தில் எது நடக்கும், எது நடக்காது என்று தேட வேண்டும். விளையாட்டின் பயன் பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு கையெழுத்தில் எவ்வளவு நடக்கும் என்பதற்குப் பசளையே சாட்சி. 2019இல் வென்றவரின் விஞ்ஞாபனம் பத்தாண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது ஒரு பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அதற்கு முன் கமநல சேவை நிலையத்தில் எவரையும் கேட்டதாக நாம் அறியோம்.

காணி விடயம் இன்னும் சிக்கலானது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்திலுள்ள அரச காணியை வழங்குபவர் ஜனாதிபதி, ஆனால் மாகாண சபையின் ஆலோசனைப்படி. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. சபை இல்லாதபோது ஆலோசனை எங்கிருந்து வரும்? மனுவோடு வந்த குடும்பம் இதைக் கேட்கட்டும், கதிரையில் இருப்பவர் பதில் சொல்லட்டும். தனியார் உறுதிக் காணிக்கு வேறு கதை. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் 2013இல் ஒட்டப்பட்டது. 2015இல் ஆட்சி மாறிய பின் அங்கு பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது, ஆனால் முழுவதும் அல்ல. தேர்தலால் ஒன்றும் நடவாது என்பவர்களுக்கும் எல்லாம் நடக்கும் என்பவர்களுக்கும் இந்த ஒரே இடம் பதில் சொல்கிறது.

ஒரு சீட்டை மட்டும் விளையாட்டின் நடுவில் எவரும் எதிர்பாராத நேரத்தில் போடுங்கள். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியில் வட மாகாணத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ஏக்கர் குறித்து அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது, அறிவித்தல் நிலைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வேறு மாவட்டத்தில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த உரிமையாளருக்கு யார் சொல்லியிருப்பார்? விளையாட்டில் இந்தச் சீட்டு விழுந்ததும் மணிக்கூட்டைப் பார்த்து மூன்று நிமிடம் கொடுங்கள். எத்தனை குடும்பங்கள் உறுதியின் பிரதியோ அனுமதிப்பத்திரத்தின் இலக்கமோ சொல்லக்கூடியதாக இருக்கிறது என்று எண்ணுங்கள்.

இவ்வளவையும் படித்தவர் ஒருவர், 2029இல் ஜனாதிபதித் தேர்தலே இராதே, அப்பதவியை ஒழிக்கப் போகிறார்களே என்று சொல்லலாம். 1994இலும் 2005இலும் 2015இலும் 2024இலும் வென்றவர்கள் அந்த வாக்குறுதியைக் கொடுத்தே வந்தார்கள். முதல் மூவரும் அதைச் செய்யாமலே பதவியை விட்டுப் போனார்கள். ஒழிந்தால், விளையாட்டின் இரண்டாம் சுற்றை மாற்றி எழுத வேண்டியிருக்கும். இடாப்பைத் தேடும் முதற் சுற்றும் மனுக் கொடுக்கும் மூன்றாம் சுற்றும் அப்படியே இருக்கும்.

நடத்திப் பார்க்கும் சங்கங்கள் அடுத்த இதழுக்கு முன் எமக்கு எழுதுங்கள். எந்தச் சின்னம் வென்றது என்பதை எழுதவேண்டியதில்லை. நாற்பது பேரில் எத்தனை பேரின் பெயர் உண்மையான இடாப்பில் எந்த முகவரியில் இருக்கிறது என்று மறுநாள் கிராம அலுவலரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையை எழுதுங்கள்.