லாபம் வந்த வழியே பாடம்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை (சிஎஸ்ஆர்) எம்.பி.ஏ. அளவில் படிக்க வருகிறவருக்கு இந்தியாவில் பாடம் தயாராகவே இருக்கிறது: 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பதை ஏழாவது அட்டவணை சொல்கிறது. தேர்வுக்குக் கேள்வி எடுக்க இதைவிட வசதி வேண்டாம். வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது இந்தச் செலவில் சேராது என்றும் விதிகள் சொல்கின்றன. கணக்குக்கு அது நியாயம்தான்; சொந்த ஆலையின் கழிவை அள்ளிவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுத விடக்கூடாது. அந்த எல்லையையே படிப்புக்கும் எல்லையாக்குவதுதான் கோளாறு. 2 சதவீதம் எங்கே போகிறது என்பதைவிட, மொத்த லாபமும் எப்படி வந்தது என்பதே இரண்டு ஆண்டு உட்கார்ந்து படிக்கத் தகுந்த கேள்வி.

திருப்பூரைப் பாருங்கள். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. விதிக்குள் வராத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு வந்த பிறகே பட்டறைகள் மறுபடி ஓடின. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சாயத்தண்ணீரைத் தெளியவைத்து, ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்புகிறார்கள். மிஞ்சும் உப்புத்தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சினால், சாயமேற்ற மறுபடி உதவும் உப்பு ஒரு பங்கு கிடைக்கும். எதற்கும் ஆகாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேரும். காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். ஆற்றைக் காக்கப் புகைபோக்கியைப் புகையவிட வேண்டியிருக்கிறது என்ற இந்தச் சங்கடத்துக்கு ஏழாவது அட்டவணையில் விடை கிடையாது. செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. ஏறிய கூலியைப் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் தருவாரா, ஏற்றுமதியாளர் தலையில் கட்டுவாரா என்பதில்தான் ஆற்றின் கதி இருக்கிறது.

வேலை கிடைப்பது நிதியைப் பங்கிடவும் அறிக்கை எழுதவும்தானே, கடன் வாங்கிப் படிப்பவரிடம் கழிவுநீரைப் பேசலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அறிக்கையே மாறிவிட்டது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு, ஊதியம் பற்றிய கணக்கை 2022-23 முதல் கட்டாயம் தர வேண்டும் என்கிறது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. ஆலையின் தண்ணீர் மீட்டர் புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவர் அதில் எதை எழுதுவார்? வெறும் அறிக்கைத் திறமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஃபோக்ஸ்வாகன் காட்டியது: 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதைக் கார் துறையின் முதலிடத்தில் வைத்தது; அதே மாதம், புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளை அதன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அமெரிக்காவில் அம்பலமானது.

இது இன்ஜினியர் வேலை என்ற மறுப்பு பாதிதான் சரி. சவ்வு இன்ஜினியருடையது. ஆர்டரின் விலையையும், பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் முடிவு செய்வது நிர்வாகம் படித்தவர். ஆகவே இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஒரு சிஎஸ்ஆர் திட்டத்தைக் கொடுப்பதற்குப் பதில் ஒரே ஒரு பனியன் ஆர்டரைக் கையில் கொடுக்கலாம். நூல் விலை, தையல் கூலி, சாயக்கூலி என்று பிரித்துக்கொண்டே வந்து, கொட்டகையில் கிடக்கும் அந்த உப்பு மூட்டைக்கான காசு எந்த வரியில் இருக்கிறது என்று மாணவர் தேடிப் பார்க்கட்டும்.