சட்டசபையிலும் கடைமடை உண்டு

2023 ஏப்ரல் 21 அன்று நம்ம சட்டசபையில் என்ன நடந்தது என்று கேட்டால், நகரத்து நண்பர்களில் பலர் யோசிக்காமல் சொல்வீர்கள்: "12 மணி நேர வேலை மசோதா." தொழிற்சாலைகள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் அது. அன்றைக்கு நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டோம் என்றார்கள்.

அதே ஏப்ரல் 21-ல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரும்பாலும் இருக்காது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 250 ஏக்கருக்கு மேல் போகிற பெரிய திட்டங்களுக்காக நிலம் சேர்க்கும்போது, அதற்குள் மாட்டுகிற நீர்நிலை, வாய்க்கால் உள்ள அரசு நிலத்தை என்ன செய்யலாம், எப்படி மாற்றிக் கொடுக்கலாம் என்று சொல்கிற சட்டம். விவாதம் கிடையாது. குரல் வாக்கெடுப்பு. முடிந்தது. விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் ஆளுநர் ஒப்புதலும் வாங்கி அது சட்டமாகிவிட்டது.

நீர்நிலைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம், நிபுணர் குழு பார்க்கும், உள்ளூர் மக்கள் கருத்தைக் கேட்போம் என்பது அரசு தரப்பு. ஏரியும் வாய்க்காலும் கம்பெனிக்காரன் வேலிக்குள்ளே போய்விடும் என்பது எங்கள் ஆட்கள் தரப்பு. யார் சொல்வது சரி என்பதை இந்தப் பதிவில் பேசப் போவதில்லை. பேச வேண்டிய இடத்தில் அது பேசப்படவே இல்லை என்பதுதான் என் பிரச்சினை. ஏன் பேசப்படவில்லை? ஏப்ரல் 21 அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அவ்வளவுதான் காரணம்.

டெல்டாவில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இந்த ஆற்றில் இத்தனை நாள், அந்த ஆற்றில் இத்தனை நாள் என்று. தலைமடைக்காரன் முறைக்குக் காத்திருந்தாலும் அவனுக்குத் தண்ணீர் வந்துவிடும். கடைமடைக்கு வந்து சேருவதற்குள் முறை முடிந்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் வயல் காயும். சட்டசபையின் நாட்கணக்கும் இதே மாதிரிதான். எதற்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதுகிற இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அதை எழுதுவது யார்? ஆளுநர் பேரவையைக் கூட்டுகிறார், அதாவது அமைச்சரவை சொல்கிற தேதியில் கூட்டுகிறார். எத்தனை நாள் நடத்துவது, எந்தத் துறை மானியக் கோரிக்கை எந்த நாளில் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. சபாநாயகர் தலைவர். எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் இருப்பார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்து சபாநாயகர் தேதிகளைச் சொல்வார், மறுநாள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி வரும். நாம் அதைத் தாண்டி அடுத்த பக்கம் போய்விடுவோம். என்னைக் கேட்டால் அந்த வருஷத்தில் படிக்க வேண்டிய முக்கியமான செய்தி அந்தப் பெட்டிதான்.

அரசியல் சாசனத்தின் 174-வது பிரிவு ஒரே ஒரு கட்டாயத்தைத்தான் வைத்திருக்கிறது. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு மாசத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்குள் எப்போது வேண்டுமானாலும், எத்தனை நாள் வேண்டுமானாலும். வருஷத்துக்கு 100 நாள் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுத்தது திமுக. அந்த நூறை நெருங்கவே இல்லை. அவர்களை மட்டும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய அதிமுக ஆட்சியில், 2020 பிப்ரவரி 20 அன்று, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அறிமுகமான அன்றைக்கே நிறைவேறியது. நாங்கள் வருஷக்கணக்கில் போராடிக் கேட்ட சட்டம் அது, சந்தோஷம்தான். ஆனால் திருச்சியும் கரூரும் அரியலூரும் ஏன் விட்டுப்போச்சு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற எண்ணெய்க் கிணறுகள் என்னாகும் என்று நிதானமாகக் கேட்க ஒரு வாரம் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நல்ல சட்டமாக இருந்தாலும் அவசரத்தில் நட்ட நாற்று மாதிரி, எங்கே சாயும் என்று பிறகுதான் தெரிகிறது.

இப்போது பயிர்க் காலண்டருக்கு வருகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை. ஆகஸ்டுக்கு மேல் சம்பா. அக்டோபரில் ஒரு பக்கம் குறுவை அறுவடை, நெல் களத்திலும் கொள்முதல் நிலைய வாசலிலும் கிடக்கும். மழை ஆரம்பிக்கும். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டேன் என்பார்கள். இன்னொரு பக்கம் சம்பா இளம்பயிர் தண்ணீரில் நிற்கும். பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கெடு. எங்களுக்கு யாராவது குரல் கொடுக்க வேண்டுமென்றால் அது இந்த இரண்டு மாசத்தில்தான்.

சட்டசபைக் காலண்டரைப் பாருங்கள். 2022-ல் அக்டோபர் 17 முதல் 19 வரை மூன்று நாள். 2023-ல் அக்டோபர் 9 முதல் 11 வரை மூன்று நாள். 2024-ல் அக்டோபரில் கூட்டமே இல்லை, டிசம்பர் 9, 10 என்று இரண்டு நாள். 2025-ல் அக்டோபர் 14 முதல் 17 வரை. அந்த மூன்று நான்கு நாளிலும் இரங்கல் தீர்மானம், துணை மானியம், மசோதாக்கள் எல்லாம் உண்டு. மிச்சத்தில்தான் நெல்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியில் தண்ணீர் விடக் கர்நாடகத்துக்கு உத்தரவிட வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டு அக்டோபர் 9 அன்று தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம். ஆனால் அதற்குள் பல இடங்களில் குறுவை காய்ந்து, மாட்டை விட்டு மேய்த்தாயிற்று. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ சபை கூடியிருந்தால் மழை பெய்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இழப்பீடு எவ்வளவு, விதை மானியம் உண்டா, சம்பாவுக்கு என்ன ஏற்பாடு என்று அமைச்சரை நிற்க வைத்துக் கேட்டிருக்கலாம். அறிக்கை விடுவதும் சபையில் பதில் சொல்வதும் ஒன்றல்ல. சபையில் சொன்னது அவைக்குறிப்பில் ஏறும். அடுத்த வருஷம் எடுத்துக் காட்டலாம்.

நேரத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஊர் மக்களும் விடவில்லை. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வருஷக் கடைசியில் சபை நடந்ததே இரண்டு நாள்தான். சூட்டோடு சூடாகப் பேசினால் இரண்டு நாளுக்கே அவ்வளவு பலன்.

"தனி வேளாண் பட்ஜெட் போடுகிறார்களே, இன்னும் என்னப்பா குறை?" என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்ட் 14-ல் ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமும் போடுகிறார்கள், பொது பட்ஜெட்டுக்கு மறுநாள். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் பட்ஜெட் என்பது அமைச்சர் படிப்பது. அதைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பது மானியக் கோரிக்கை விவாதத்தில். அங்கே ஒரே நாளில் இரண்டு மூன்று துறையை அடுக்கிவிடுகிறார்கள். 2024-ல் நாடாளுமன்றத் தேர்தல் குறுக்கே வந்ததால், ஜூன் 20 முதல் 29 வரைக்குள் எல்லாத் துறையையும் முடிக்கக் காலையும் மாலையும் சபை நடத்தினார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து தலைவரை வாழ்த்தி, தொகுதிக்கு ஒரு பாலமும் பள்ளிக் கட்டடமும் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எங்க ஊர் வடிகால் வாய்க்கால் தூர்வாருகிற கணக்கை எந்த நிமிஷத்தில் கேட்பார்? போதாததற்கு விதி 110 வேறு. அதன்கீழ் முதல்வர் அறிவித்தால் அதன்மேல் விவாதமே கிடையாது.

கேரளத்தில் 1980-லிருந்து துறைவாரியாகப் பொருள் குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போகும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து அதிகாரிகளைக் கேட்டுவிட்டுத்தான் சபைக்கு வரும். மசோதாக்களும் பெரும்பாலும் அப்படியே. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை.

எங்கள் கிராம சபையை உங்களில் பலர் கேலியாகத்தான் பார்ப்பீர்கள். பந்தலில் கூச்சல், கையெழுத்து நோட்டு, கடைசியில் டீ. ஆனால் அதற்குத் தேதி உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷம் பிறக்கும்போதே எனக்குத் தெரியும். என்ன கேட்பது என்று தயாராகலாம். எட்டுக் கோடிப் பேருக்குச் சட்டம் போடுகிற சபைக்கு அந்த மாதிரி ஒரு காலண்டர் ஏன் இருக்கக் கூடாது?

நான் கேட்பது நாலு விஷயம். ஒன்று, வருஷ ஆரம்பத்திலேயே கூட்டத்தொடர் தேதிகளை அறிவியுங்கள். இரண்டு, அறிமுகமான அன்றும் தொடரின் கடைசி நாளிலும் எந்த மசோதாவையும் நிறைவேற்றாதீர்கள். நடுவில் ஒரு வாரமாவது தமிழில் எல்லோரும் படிக்கக் கிடைக்கட்டும். பெருவெள்ளம், கொள்ளைநோய் மாதிரி நிஜ அவசரத்துக்கு விலக்கு இருக்கட்டும். மூன்று, கேரளம் மாதிரி துறைக் குழுக்கள். நான்கு, வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு முழு நாள் நெல்லுக்கும் பாசனத்துக்கும் காப்பீட்டுக்கும். காப்பீட்டுக் கெடுவுக்கு முன்னால்.

இதில் உங்களுக்கு என்ன வேலை? 12 மணி நேர மசோதாவைத் திருப்பி அனுப்பியது சத்தம்தான். அந்தச் சத்தம் போட நகரத்தில் சங்கம் இருந்தது, டிவி இருந்தது, நீங்கள் இருந்தீர்கள். பக்கத்து மசோதாவுக்கு யாருமில்லை. நீங்கள் சாப்பிடுகிற அரிசிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால் அந்த மசோதாவுக்குள் இருந்தது.

2022-லிருந்து நகரங்களிலும் வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. அடுத்த முறை நடக்கும்போது குப்பை, தெருவிளக்கோடு இதையும் எழுப்புங்கள். "சட்டசபைக்கு முன்கூட்டியே தேதி வேண்டும், கடைசி நாளில் மசோதா வேண்டாம்" என்று ஒரு தீர்மானம். எங்க ஊர் கிராம சபையில் நான் இதைக் கொண்டுவரப் போகிறேன். அதன் நகலை இங்கே போடுகிறேன், ஊர்ப் பெயரை மாற்றி நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.