வெயிலுக்கு ஒரு வாசம், மலைக்கு ஒரு வாசம்

  

வானொலியில் ஒரு வசதி உண்டு. நான் என்ன சட்டை போட்டிருக்கிறேன், தலை வாரினேனா, என்ன சென்ட் பூசியிருக்கிறேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒலிபரப்புக் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டில் வாங்கினேன். கனத்த கண்ணாடி, கறுப்பு மூடி, வெனிலாவும் மரக்கட்டையும் கலந்த வாசம். தீபாவளிக்கு பிரிஞ்சாங் போனபோது பூசினேன். அந்தக் குளிரில் பிரமாதமாக இருந்தது. அதே தைரியத்தில் கோலாலம்பூரில் மத்தியான நிகழ்ச்சிக்கும் ஐந்தாறு தடவை அடித்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள், உடன் பணியாற்றிய அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சென்ட்டு எனக்குத் தலைவலியக் கொடுக்குது."

அன்றைக்குத்தான் யோசித்தேன். ஒரே பாட்டில், ஒரே ஆள், மலையில் மணக்கிறது, பட்டணத்தில் ஏன் தலைவலி?

விஷயம் எளிமையானது. வாசனை என்பது ஆவியாகி மூக்குக்கு வருவது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங்கில் தோலும் காற்றும் குளிர்ந்திருக்கும். வாசம் நிதானமாகக் கிளம்பும். கீழே 33 பாகை வெயிலில் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். இனிப்பும் பிசினும் நிறைந்த கனமான வாசங்கள் அப்போது திகட்டும். நம் நாட்டு வெயிலுக்கு எலுமிச்சை, ஆரஞ்சுத்தோல், பச்சிலை மாதிரி லேசானவைதான் சரி.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 1709-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில், இத்தாலியரான ஜொஹான் மரியா ஃபரினாவின் குடும்பம் தொடங்கிய கடைதான் 'கொலோன் தண்ணீர்' என்ற பெயருக்கே காரணம். பெர்கமோட் முதலிய எலுமிச்சை இனப் பழங்களின் எண்ணெய்யை ஆல்கஹாலில் கரைத்தது அது. நம் வீடுகளில் அதற்கு 'ஓடிகொலோன்' என்று பெயர். காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதேதான். ஆல்கஹால் ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் எடுத்துப்போகும்.

பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கவும் பழகினேன். 'கொலோன்' என்றால் வாசனை எண்ணெய் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு. 'ஓ டி டொய்லெட்' என்றால் 5 முதல் 15. 'ஓ டி பர்ஃபம்' என்றால் அதற்கும் மேலே. பகல் வெயிலுக்கு முதல் இரண்டும் போதும். எலுமிச்சை வாசம் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டாதீர்கள். அந்த மூலக்கூறுகள் சிறியவை, சீக்கிரம் பறந்துவிடும். கையடக்கப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொண்டால் மத்தியானம் ஒரு தடவை அடித்துக்கொள்ளலாம்.

தேடத் தேட இரண்டு விஷயங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன.

ஒன்று, தேயிலை. 1992-இல் ஜான் கிளோட் எலெனா என்ற பிரெஞ்சுக்காரர், பல்கரி நிறுவனத்துக்காக பச்சைத் தேயிலை வாசத்தில் ஒரு கொலோன் செய்தார். ஆணும் பெண்ணும் பூசலாம். அதன் பிறகு தேநீர் வாசம் உலகமெங்கும் நாகரிகமானது. பெர்கமோட், லேவண்டர், தேயிலை மூன்றிலும் லினலூல் என்ற ஒரே வாசனைப் பொருள் இருக்கிறது. ஏர்ல் கிரே தேநீரில் சேர்ப்பதும் பெர்கமோட்தான்.

இன்னொன்று, வெட்டிவேர். ஆண்களுக்கான கோடைக்கால வாசனைகளில் 'வெட்டிவர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நம் தமிழ்ச் சொல்தான். பாட்டிமார் தண்ணீர்ப் பானையில் போட்ட அதே வேர். கெர்லான் நிறுவனம் 1959-இல் அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கான வாசனை ஒன்றை வெளியிட்டது. எலுமிச்சை பறந்துபோன பிறகும் தோலில் தங்கி நிற்பது இந்த வேர்தான்.

பணம் கொடுத்து நான் வாங்கிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுச் சமையலறையையும் அப்பாவின் வேலையிடத்தையும்தான். நானோ அந்த வாசத்திலிருந்து ஓடுவதற்காகத்தான் சென்ட் பூச ஆரம்பித்தவன்.

எனக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் போவோம். மழைக்காலத்தில் மலையில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் சீருடையைக் காயப்போடுவார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். "புகை நாத்தம்" என்றான். பேருந்தே சிரித்தது. அந்த வாரமே இரவுச் சந்தையில் மலிவான சென்ட் ஒன்றை வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோதும், நேர்முகத் தேர்வுக்குப் போனபோதும் என் பையில் ஒரு பாட்டில் இருந்தது. வீட்டில் யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். எலுமிச்சை, அடியில் வெட்டிவேர். முப்பது வருடம் தேயிலை ஆலையில் வேலை செய்தவர் அவர். அரைத்த கொழுந்தின் பச்சை வாசம் பழ வாசமாக மாறும் நேரத்தை மூக்கை வைத்தே சொல்லுவார். மணிக்கட்டில் தைலம் மாதிரி தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"எலுமிச்சங்கா. அப்புறம்... உங்க அப்பாயி தண்ணிப் பானை" என்றார். பிறகு, "சின்ன வயசுலேர்ந்து எதையாவது பூசிக்கிட்டே இருக்கியே, ஏன்யா?" என்று கேட்டார்.

பேருந்துக் கதையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. சமையலறையிலிருந்து அம்மாதான் பேசினார்.

"ஈரச் சட்டையோட போனா சளி பிடிக்குமேன்னு ராத்திரி ரெண்டு தடவ எழுந்து திருப்பிப் போடுவேன். கருகிடக் கூடாதுல்ல."

இருபது வருடமாக அது எனக்குப் புகை வாசம். அதற்குள் அம்மாவின் தூக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. இப்போது அந்த அடுப்பும் இல்லை, அந்த லயத்தில் எங்கள் ஆட்களும் அதிகம் இல்லை.

சரி, வெயிலுக்கு சென்ட் வாங்கப் போகும் தம்பிகளுக்கு நான்கு வார்த்தை. கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கையில் அடித்துவிட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து மறுபடி முகருங்கள். குளித்துத் துடைத்த உடம்பில் இரண்டு தடவை போதும். வியர்வை நாற்றத்துக்குத் தோலில் வாழும் கிருமிகள் காரணம், சென்ட் அவற்றைக் குளிப்பாட்டாது. சுத்தமான பெர்கமோட் எண்ணெய்யைப் பூசி வெயிலில் நிற்காதீர்கள், தோலில் கறை விழலாம். பாட்டிலைக் காரில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

நேற்று அப்பா தொலைபேசியில் அழைத்தார். பாட்டில் பாதி காலியாம். பரவாயில்லையே, இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று கேட்டேன்.

"நான் எங்கேய்யா பூசறேன்? உங்கம்மா தலைவலின்னு நெத்தியில தடவிக்கிட்டிருக்கா."

அடுத்த வாரம் சந்திப்போம்.