‘20 ஆயிரம் தருவீங்களா சார்?’ - ஜூனியர் வக்கீல் நேர்காணலில் கேட்கத் தயங்கும் கேள்விகள்

எல்.எல்.பி. முடித்தாச்சு. பார் கவுன்சிலில் பதிவும் ஆச்சு. கறுப்புக் கோட்டும் தைத்தாச்சு. அடுத்து என்ன? “நல்ல சீனியர்கிட்ட போய்ச் சேரு” என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஆனால் எப்படிச் சேருவது, சேரும்போது என்ன பேசுவது, மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்விகளின் எடை கூடியிருக்கிறது. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சிவில் நீதிபதி ஆக மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு ஜூனியர் நேர்காணலில் உண்மையில் எதைப் பேச வேண்டும் என்பது புரியும்.

‘ஜூனியர்’ என்ற பதவி சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. சி.ஏ. படிப்பவருக்கு ஆர்ட்டிகிள்ஷிப் உண்டு. அதற்குப் பதிவு, கால அளவு, குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் எல்லாம் விதியிலேயே இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். முடிப்பவருக்கு ஹவுஸ் சர்ஜன் காலம் உண்டு. வக்கீலுக்கு அப்படி எதுவும் கிடையாது.

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இருப்பது இரண்டே பிரிவுதான்: மூத்த வழக்கறிஞர், மற்ற வழக்கறிஞர். பதிவுக்கு முன் ஓராண்டு பயிற்சி கட்டாயம் என்று 1995-ல் இந்திய பார் கவுன்சில் விதி கொண்டுவந்தது. அந்த அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று சொல்லி 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று பதிவு செய்தவர் அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். சட்டப்படி அவர் முழு வக்கீல்.

நடைமுறை வேறு. வழக்குக் கட்டை எப்படிப் படிப்பது, ஃபைலிங்கில் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள், வாய்தா எப்படிக் கேட்பது என்பதெல்லாம் சீனியர் ஆபீஸில்தான் கற்க முடியும். ஆக, பயிற்சி அவசியம். ஆனால் அதற்கு ஒப்பந்தம் இல்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

லா ஃபர்ம், சீனியர் ஆபீஸ்: என்ன வித்தியாசம்?

பெரிய லா ஃபர்ம்கள் ஒப்பந்தம், முதலீடு, நிறுவன இணைப்பு போன்ற வேலைகளைச் செய்கின்றன. கேம்பஸ் தேர்வு மூலமும், இன்டர்ன்ஷிப்பில் திறமை காட்டுபவர்களுக்குப் படிக்கும்போதே வேலை உறுதி தருவதன் மூலமும் ஆள் எடுக்கின்றன. எழுத்துபூர்வமான ஆஃபர் கிடைக்கும்.

ஆனாலும் அது வழக்கமான ‘வேலை’ அல்ல. தொழில் செய்யும் வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் பல ஃபர்ம்களில் ‘ரீடெய்னர்’ முறைதான். மாதம் பணம் வரும், அதில் டி.டி.எஸ். பிடிப்பார்கள், பி.எஃப். பெரும்பாலும் இருக்காது. ஆஃபரில் இருக்கும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சீனியர் ஆபீஸ் கதை வேறு. உயர் நீதிமன்றம் எதிரே தம்பு செட்டித் தெரு, அர்மேனியன் தெருவில் வரிசையாக இருக்கும் ஆபீஸ்களில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பது அபூர்வம். பேராசிரியர் சொல்வார், உறவினர் சொல்வார், ஏற்கெனவே இருக்கும் ஜூனியர் சொல்வார். “நாளைக்கே வந்துடு தம்பி” என்பதுதான் ஆஃபர் லெட்டர். குடும்பத்தில் வக்கீல் இருப்பவருக்கு இது எளிது. ஊரிலிருந்து வரும் முதல் தலைமுறை பட்டதாரிக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் விதிப்படி தேவை. எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கும். அதனால் ‘எங்கே போனீர்கள்’ என்பதைவிட ‘என்ன செய்தீர்கள்’ என்பதுதான் எடுபடும். ‘சிவில் வழக்குகளில் உதவினேன்’ என்பது வெறும் வரி. ‘பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் 30 ஆண்டு ஆவணங்களைத் தேதி வரிசையில் தொகுத்தேன்’ என்று எழுதினால் அதில் வேலை தெரிகிறது.

எழுத்து மாதிரி கேட்டால் ஒரு கவனம் தேவை. முந்தைய ஆபீஸில் தயாரித்த மனுவை அப்படியே அனுப்பக் கூடாது. கட்சிக்காரரின் பெயர், முகவரி, தொகை எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று தெரிந்தால், மனு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலன் இல்லை.

போகும் ஆபீஸைப் பற்றி முன்பே தெரிந்துகொள்ள இலவச வழி உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேடலாம். எந்த நீதிமன்றம், என்ன வகை வழக்கு என்பது ஓரளவு தெரிந்துவிடும். குற்றவியல் கற்க நினைப்பவர், முழுக்க மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்தும் ஆபீஸில் சேர்ந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருந்த வேண்டியதில்லை.

என்ன கேட்பார்கள்?

ஃபர்ம் நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் சி.வி.யிலிருந்தே கிளம்பும். அடுத்து அடிப்படைச் சட்டம். உதாரணமாக, ‘வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற ஒப்பந்தப் பிரிவு செல்லுமா? தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவைச் சொன்னால் பாதி பதில். அப்படியானால் நிறுவனம் தன் ரகசியங்களை வேறு எப்படிப் பாதுகாக்கலாம் என்று தொடர்ந்து யோசிப்பதில்தான் மீதி இருக்கிறது.

சீனியர் ஆபீஸில் கேள்வி நடைமுறை சார்ந்து வரும். “செக் பவுன்ஸ் ஆகி ஒருத்தர் வந்திருக்கார், முதல்ல என்ன கேட்பீங்க?” என்றால் சரியான பதில், தேதி. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தை ஒப்பிப்பவரைவிட, தேதியைக் கேட்பவருக்குத்தான் மதிப்பு.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். எனவே இரண்டிலும் பிரிவு எண்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு “தெரியாது சார், பார்த்துச் சொல்றேன்” என்பதும் நல்ல பதிலே. நீதிபதி முன் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் ஜூனியர்தான் சீனியருக்குத் தலைவலி.

20 ஆயிரம்: உரிமையா, பரிந்துரையா?

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து வந்த கணக்கு இது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய். ஆண், பெண் என்று பார்த்துத் தொகையைக் குறைக்கக் கூடாது என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. புகார் செய்யலாம் என்கிறது. சீனியரின் உண்மையான பண நெருக்கடியைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

சீனியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் தனியாக ஆபீஸ் நடத்துபவருக்கு வழக்கு வந்தால்தான் வருமானம். குமாஸ்தா சம்பளம், வாடகை போக 15 ஆயிரம் எடுத்துவைப்பது பலருக்குக் கஷ்டம். “தொழில் கத்துக்கிட்டு ஒரு வருஷத்துல போயிடறாங்க” என்ற வருத்தமும் உண்டு. ஆனால் அந்த வாதம் எல்லா ஆபீஸுக்கும் பொருந்தாது. ஒரு நாள் ஆஜராக லட்சங்களில் கட்டணம் வாங்கும் ஆபீஸும் அதையே சொன்னால், அது நெருக்கடி அல்ல, பழக்கம்.

மூன்றாண்டு விதி என்ன செய்கிறது?

2025 மே 20 தீர்ப்பின்படி, சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்திருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்தக் காலம் கணக்காகும். அதற்கான சான்றை நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி தரலாம். அல்லது குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அதிகாரி அதற்கு மேலொப்பம் இட வேண்டும்.

முன்பு கல்லூரி முடித்தவுடன் கோச்சிங் சென்டருக்குப் போனவர்கள் இனி சீனியர் ஆபீஸைத் தேடி வர வேண்டும். இடம் தேடுபவர்கள் கூடுகிறார்கள், இடம் தருபவர்கள் அதேபோல் கூடவில்லை. போதாக்குறைக்கு, சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவதும் பெரும்பாலும் அதே சீனியர்தான். மூன்று ஆண்டு கழித்து அவர் கையெழுத்து தேவை என்று தெரிந்த ஜூனியர், முதல் மாதமே “ஸ்டைபெண்ட் வரலை சார்” என்று பார் கவுன்சிலுக்குப் போவாரா? சான்றிதழே சம்பளமாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

அப்போ, என்ன கேட்க வேண்டும்?

நேர்காணலின் கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். பெரும்பாலோர் “இல்லை சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். நான்கு விஷயங்களையாவது மரியாதையாகக் கேட்கலாம்:

• மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எப்போது உயர்த்துவீர்கள்? வங்கிக் கணக்கில் வந்தால் பதிவு இருக்கும்.

• வக்காலத்தில் என் பெயர் வருமா? மூன்றாண்டு அனுபவத்துக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் குறைவு. கோர்ட்டுக்கே போகாத ஃபர்ம் வேலையில் சேருபவர், நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தால், கட்டாயம் கேட்க வேண்டும்.

• சொந்தமாக வழக்கு எடுக்கலாமா?

• இதையெல்லாம் ஒரு மெயிலில் அனுப்ப முடியுமா? சேரும் விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது பார் கவுன்சில் சுற்றறிக்கையிலேயே இருப்பதால், இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சேர்ந்த நாள் முதல் ஆஜரான தேதி, வழக்கு எண், நீதிமன்றம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைப்பது இன்னொரு பாதுகாப்பு. நாளை கையெழுத்து மறுக்கப்பட்டாலும், அதிகாரியிடம் காட்ட ஏதோ ஒன்று இருக்கும்.

சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போக, வீட்டிலிருந்து பணம் வராமல் மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? நாளை நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பதையும் இந்தக் கேள்வியே தீர்மானிக்கப் போகிறது. 20 ஆயிரம் என்ற எண் இன்னும் பெரும்பாலும் தாளில்தான் இருக்கிறது. பார் கவுன்சில் அதை அமல்படுத்தும்வரை, அந்தத் தாளை நேர்காணல் மேசைக்குக் கொண்டுபோகும் சுமை ஜூனியர் தலையில்தான்.